கல்லில் கால் வைத்து இறங்கியவர்கள்: அல் ஸுபாரா பயணக் குறிப்புகள்

முதல் நாள், வியாழக்கிழமை

தோஹாவில் பன்னிரண்டு வருடம் குப்பை கொட்டிவிட்டேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் சூக் வாகிஃப், கடலோர நடைபாதை, அருங்காட்சியகம் என்று மூன்று இடங்களைச் சுற்றிக் காட்டி விமானம் ஏற்றிவிடுவேன். நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தொலைவில், கத்தாரின் வடமேற்குக் கரையில் இருக்கும் அல் ஸுபாராவுக்குப் போக எனக்கு இதுவரை வாய்க்கவில்லை. வாய்க்கவில்லை என்பதும் பொய். இடிந்த சுவரைப் பார்ப்பதற்குப் பெட்ரோல் செலவா என்று தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன்.

மனம் மாறியதற்குக் காரணம் ஒரு கல். போன மாதம் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்தேன். முத்துக் குளிப்பவர் கடலடிக்கு வேகமாக இறங்கக் காலடியில் மாட்டிக்கொள்ளும் கல். பக்கத்தில் மூக்கை இறுக்கும் கவ்வி, கழுத்தில் தொங்கவிடும் வலைக்கூடை. கல்லின் தலைப்பில் கயிறு போக ஒரு துளை. இதே போன்ற கல் ஒன்று தூத்துக்குடியில் எங்கள் வீட்டில் இருந்தது. தாத்தாவுடையது. 1961இல் தூத்துக்குடியில் நடந்த கடைசி முத்துச் சலாபத்தில், அதாவது முத்துக் குளிப்பில், அவர் இறங்கியிருக்கிறார். அதற்குப் பிறகு முத்துப் பார்களில், சிப்பி விளையும் அந்தக் கடலடித் திட்டுகளில், சிப்பி தேறவில்லை. மிச்சக் காலம் முழுக்கச் சங்கு குளித்தார். காது இரண்டும் மந்தம். எதைச் சொன்னாலும் இரண்டு தரம் சொல்ல வேண்டும்.

அந்தக் கல்லைப் பார்த்த பிறகுதான் ஸுபாராவைப் பற்றி ஒழுங்காகப் படித்தேன். பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் குவைத்திலிருந்து வந்த உதூப் குலத்து வணிகர்கள் எழுப்பிய பட்டணம். முத்தும் கடல் வாணிபமும்தான் பிழைப்பு. 1811இல் மஸ்கட் சுல்தானின் படை வந்து அழித்தது. அதன் பிறகு அரைகுறையாகப் பிழைத்துக் கிடந்து, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆளற்றுப் போனது. 2013இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் ஏறியது. கத்தாரிலிருந்து அந்தப் பட்டியலுக்குப் போன முதல் இடம் இது. ஆக, ஐம்பது அறுபது வருடம் செழித்து வாழ்ந்த ஊர், நூறு வருடத்துக்கு மேலாக மணலுக்குள் தூங்குகிறது.

மதியம் வேலை முடிந்ததும் கிளம்பி அல் கோர் வந்து சேர்ந்தேன். இங்கே ராமநாதபுரத்து நண்பர் ஒருவர் எரிவாயு ஆலையில் வேலை பார்க்கிறார். இரண்டு இரவும் அவர் அறையில்தான் தங்கல். மாலையில் அலையாத்திக் காட்டுக்கு நடுவே இருக்கும் சிறு தீவுக்குக் கூட்டிப் போனார். அங்கே மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கடல் நத்தையை உடைத்து ஊதாச் சாயம் எடுத்திருக்கிறார்களாம். தரையெல்லாம் சிப்பி ஓடுகள் கிடந்தன. கொசு பிடுங்கி எடுத்துவிட்டதால் நான் அதிக நேரம் நிற்கவில்லை.

இரவு மீன் குழம்பு. நண்பர் குழம்பு வைத்தால் ஊர்ப் புளி போதாது என்று இரண்டு கை அள்ளிப் போடுவார். நாளைக்கு விடிகாலையில் கிளம்ப வேண்டும்.

இரண்டாம் நாள், வெள்ளிக்கிழமை

ஆறு மணிக்குக் கிளம்பினோம். ஜனவரி மாதம் என்பதால் காற்றில் நல்ல குளிர். அல் கோரைத் தாண்டிய பிறகு சாலையின் இருபுறமும் ஒன்றுமில்லை என்றுதான் சொல்ல வேண்டும். மணல்மேடு, ஒட்டகவரிசை என்று பாலைவனத்தைக் கற்பனை செய்திருப்பவர்கள் வடக்குக் கத்தாரைப் பார்த்தால் ஏமாந்து போவார்கள். சரளைக் கல் பரவிய தட்டை நிலம், அங்கங்கே முள்செடி, மின்கம்பம். வானம்தான் பெரிது.

முதலில் கண்ணில் படுவது கோட்டை. படங்களில் எல்லோரும் ஸுபாரா என்று காட்டுவது இதைத்தான். உண்மையில் பட்டணத்துக்கும் இதற்கும் நேரடி உறவு இல்லை. பட்டணம் அழிந்து நூறு வருடத்துக்கு மேல் கழிந்து, 1938இல் ஷேக் அப்துல்லா பின் ஜாஸிம் அல் தானி கட்டியது. எல்லைக் காவலுக்காக எழுந்த கோட்டை, 1980கள் வரை காவல் படையினர் கையில் இருந்தது. சதுரமான அமைப்பு. மூன்று மூலையில் வட்டக் கொத்தளங்கள். நான்காவது மட்டும் சதுரம். ஏன் அப்படி என்று கேட்டால் நண்பர், “மேஸ்திரிக்குச் சம்பள பாக்கி இருந்திருக்கும்” என்றார்.

உள்ளே நுழைந்ததும் குளிர்ச்சி. சுவர் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் தடிமன். கடலிலிருந்து எடுத்த பவளக்கல், சுண்ணாம்புக்கல், சேற்றுக் கலவை, மேலே ஜிப்சம் பூச்சு. அண்ணாந்து பார்த்தால் கூரையில் வரிசையாக அலையாத்திக் கழிகள், அதன்மேல் மூங்கில் பிளாச்சு, அதன்மேல் பாய், கடைசியில் மண். வளைகுடாப் பக்கத்துப் பழைய வீடுகளுக்கெல்லாம் கழி கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் மூங்கில் இந்தியாவிலிருந்தும் கப்பலில் வரும். மரம் இல்லாத நாட்டில் அறையின் அகலத்தைத் தீர்மானிப்பது கப்பலில் வந்த கழியின் நீளம்தான். இந்த ஊரின் பழைய அறைகளெல்லாம் ஏன் ஒடுக்கமாக, ரயில் பெட்டி மாதிரி இருக்கின்றன என்பது இன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

கோட்டையில் அரை மணி நேரம் போதும். அங்கிருந்து கடலை நோக்கிப் போனால் பட்டணம் வந்துவிடுகிறது. வந்துவிடுகிறது என்று எழுதிவிட்டேன், ஆனால் முதல் பார்வைக்கு அங்கே எதுவும் வரவில்லை. மேடும் பள்ளமுமாக ஒரு வெளி. வெயிலில் வெளுத்த கல் குவியல்கள். தூரத்தில் கோடு கிழித்தது போலக் கடல். சுற்றுலாவுக்கு வந்த குடும்பம் ஒன்று இறங்கிப் பார்த்துவிட்டு, பிள்ளை “எங்கே அப்பா ஊர்?” என்று கேட்க, திரும்ப வண்டி ஏறிப் போய்விட்டது. அந்தப் பிள்ளை மேல் எனக்குக் குறை இல்லை. பட்டணம் பரப்பில் அறுபது ஹெக்டேர். அகழ்ந்து வெளியே எடுத்தது அதில் ஒரு சிறு பகுதிதான். மற்றதை மணல் மூடி வைத்திருக்கிறது. இடிந்ததைக் கற்களாகத் திருடிப் போக ஆளில்லாமல், மேலே வேறு ஊர் எழும்பாமல், பாலைக் காற்று கொண்டு வந்து கொட்டிய மணல்தான் இதைக் காப்பாற்றியது.

நடக்க நடக்கக் கண் பழகுகிறது. மேடு என்று நினைத்தது சுவர். பள்ளம் என்று நினைத்தது முற்றம். இரண்டு மேடுகளுக்கு நடுவே போன ஒடுக்கமான தாழ்வு, தெரு. சதுரச் சதுரமாகத் திட்டமிட்டுப் போட்ட தெருக்கள். நிலத்தின் பக்கம் கடலிலிருந்து கடல் வரை வில் போல வளைந்த மதில், இரண்டரைக் கிலோமீட்டர் நீளம், 22 கொத்தளங்கள். அதற்குள்ளே இன்னொரு சிறிய மதில் இருக்கிறது. அது 1811க்குப் பிறகு மிச்சப்பட்டவர்கள் தங்கள் அளவுக்குச் சுருக்கிக் கட்டிக்கொண்டது. பெரிய சட்டையைப் பிடித்துத் தைத்தது போல ஊர் சுருங்கியதை அந்த இரண்டு மதில்களுக்கும் நடுவே நின்றால் காலாலேயே அளக்கலாம். உள் மதிலுக்கு வெளியே கிடக்கும் வீடுகள் அந்த நாளிலேயே பாழ்.

இவ்வளவு பெரிய ஊருக்குக் குடிதண்ணீர் கிடையாது என்பதுதான் வேடிக்கை. ஊருக்குள் கிணறு வெட்டினால் உவர். நல்ல தண்ணீர் ஊருக்கு வெளியே, ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் உள்ளே தள்ளி, முரைர் என்ற இடத்தில். அதனால் 1768 வாக்கில் அங்கே ஒரு கோட்டை கட்டிக் கிணறுகளைக் காத்தார்கள். அந்த வழிக்கு இருபுறமும் அரண் போல இரண்டு நீண்ட சுவர்கள் எழுப்பியிருக்கிறார்கள். எதிரிக்கு இந்த ஊரின் குரல்வளை எங்கே இருக்கிறது என்று தெரியும், ஊருக்கும் தெரியும்.

தண்ணீர் இல்லாத இடத்தில் எதற்காகப் பட்டணம்? முத்துப் பார்கள் பக்கத்தில். துறையில் சுங்கம் வாங்குவதில்லை. அதோடு மற்றவர் வீட்டு இழவும் இவர்களுக்கு வரவாயிற்று. 1773இல் ஈராக்குத் துறைமுகமான பஸ்ராவில் கொள்ளைநோய். 1776இல் பாரசீகர்கள் பஸ்ராவைப் பிடித்து மூன்று வருடம் வைத்திருந்தார்கள். அங்கிருந்து தப்பிய வணிகர்களில் பலர் முதலோடு இங்கே வந்து கடை போட்டார்கள். இந்தியத் துணி, அரிசி, மசாலா, ஈராக்குப் பேரீச்சை எல்லாம் இந்தக் கரையில் இறங்கி ஏறின. சீனப் பீங்கான் முதல் இந்தியா, ஈரான், ஐரோப்பா வரை பல இடத்து மட்பாண்டத் துண்டுகள் மண்ணிலிருந்து கிடைத்திருக்கின்றன. 1783இல் இங்கிருந்துதான், இன்றைக்கு பஹ்ரைனை ஆளும் அல் கலீஃபா குடும்பத்தார் போய் அதைப் பிடித்தார்கள். அந்தப் பழைய உறவால் ஸுபாராவை உரிமை கோரி பஹ்ரைனும் கத்தாரும் ஹேக் நகரத்து சர்வதேச நீதிமன்றம் வரை போய், 2001இல்தான் ஸுபாரா கத்தாருக்கு என்று தீர்ப்பானது. ஆளில்லாத ஊருக்கு அடித்துக்கொண்டார்களே என்று சிரிக்கலாம். பங்காளி வீட்டுப் பாழ்மனைக்காக முப்பது வருடம் கோர்ட் படியேறிய குடும்பத்தில் பிறந்தவன் நான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இன்றைக்கு நான் அதிக நேரம் நின்றது ஒரு சின்ன அறையில். முழங்கால் உயரச் சுவர். தரை முழுக்கச் சுண்ணாம்புப் பூச்சு, அதில் ஒன்றையொட்டி ஒன்றாக நீள வரம்புகள், நடுவில் வாய்க்கால்கள். நம் வீட்டு ஓட்டுக் கூரையைக் கவிழ்த்துத் தரையில் பதித்தது போல. எல்லா வாய்க்காலும் ஒரு பக்கமாகச் சரிந்து, ஒரு குறுக்கு வாய்க்காலில் சேர்ந்து, மூலையில் ஒரு குழிக்குப் போகிறது. குழியில் ஒரு சாடி. இதன் பெயர் மத்பஸா. பேரீச்சம் பழத்தை ஓலைக் கூடைகளில் அடைத்து இந்த வரம்புகளின் மேல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கதவைச் சாத்திவிட வேண்டியது. வெக்கையிலும் தன் எடையிலும் பழம் கசிந்து, பாகு சொட்டுச் சொட்டாக வாய்க்காலில் இறங்கிச் சாடியில் நிறையும். நெருப்பு வேண்டாம், ஆள் வேண்டாம். அந்தப் பாகுக்கு திப்ஸ் என்று பெயர். இன்றைக்கும் கடையில் விற்கிறது. நான் குனிந்து ஒரு வாய்க்காலைப் பார்த்தேன். பூச்சு காய்வதற்கு முன் விரலால் இழுத்து வழித்த தடம் போல ஒரு வளைவு. பூசியவனின் மூன்று விரல்கள் என்று நான் எண்ணிக்கொண்டேன். தொடக் கூடாது என்று எழுதிப் போட்டிருந்ததால் தொடவில்லை.

பக்கத்தில் இருக்கும் மாளிகை வளாகம் பெரியது. நூற்றுப்பத்து மீட்டருக்கு நூறு மீட்டர். சுற்று மதில், மூலைகளில் கொத்தளம், உள்ளே முற்றம் வைத்த வீடுகள். யார் வீடு என்று பெயர் தெரியாவிட்டாலும் பணக்கார வீடு என்று தெரிகிறது. வாசலுக்கு நேரே உள்ளே தெரியாதபடி வளைந்து நுழையும் வழி, முற்றத்தைச் சுற்றி அறைகள். ஒரு வீட்டுச் சுவர்ப் பூச்சில் யாரோ கப்பலைக் கீறி வரைந்திருக்கிறார்கள். அகழ்வாளர்கள் கண்டெடுத்த அந்தப் படத்தைப் பார்த்தால், பாய்மரமும் கயிறும் தெரிந்தவன் கை என்று சொல்லிவிடலாம். கத்தார் அருங்காட்சியகத் துறையும் கோபன்ஹேகன் பல்கலைக்கழகமும் 2009இலிருந்து சேர்ந்து செய்த வேலை இது. கரைத்து வைத்த சாந்தைக் கொண்டு பழைய சுவர்களின் தலையில் மெல்லிய பூச்சுக் கொடுத்திருக்கிறார்கள், மழையில் கரையாமல் இருக்க. அதனால் சில சுவர்கள் நேற்றுப் பூசியது போல் தெரிகின்றன. எனக்கு இது கொஞ்சம் உறுத்தியது. கரைந்து போக விடவா என்று கேட்டால் பதில் இல்லை.

ஆனால் எனக்கு வேண்டியிருந்தது மாளிகை இல்லை. முத்து எடுத்தவர்கள் எங்கே இருந்தார்கள்? வணிகர் வீடு கல், அது நிற்கிறது. குளியாள் குடிசை பேரீச்ச ஓலை, நிற்காது. கடலோரமாகப் போனால் மண்ணில் குடிசைக் கால் நட்ட குழிகள், அடுப்புச் சாம்பல், மீன் முள் என்று அடையாளம் கிடைத்திருக்கிறது. அகழ்ந்த இடத்தை மறுபடியும் மூடிவிட்டதால் நான் பார்த்தது வெறும் மணலும் சிப்பி ஓடும்தான். அங்கேயே உட்கார்ந்து கொண்டுவந்த புரோட்டாவைப் பிரித்தோம். அலை என்று பெயருக்குத்தான். கடல் குளம் போலக் கிடந்தது. வெகு தூரம் வரை கணுக்கால் ஆழம்தான் இருக்கும்.

வளைகுடாவில் முத்துக் குளி கோடையில். ஏறத்தாழ ஜூனில் தொடங்கிச் செப்டம்பர் கடைசி வரை நான்கு மாதம் கரை காண மாட்டார்கள். கப்பல் தலைவனுக்கு நகுதா என்று பெயர். நம் கடற்கரையிலும் அந்தச் சொல் புழங்கியதுதான். இறங்குகிறவன் ஙைஸ். மேலே கயிறு பிடிக்கிறவன் ஸைப். இறங்கியவன் கயிற்றை ஒரு சுண்டு சுண்டினால் ஸைப் இழுத்தாக வேண்டும். வயிறு கனத்தால் மூச்சு நிற்காது என்பதால் பகலில் பேரீச்சையும் காபியும் தவிர அதிகம் எதுவும் இல்லை. சோறு இருட்டிய பிறகு. எங்கள் ஊரிலும் அப்படித்தான் என்று தாத்தா சொல்லுவார். எங்கள் ஊரில் கயிறு பிடிக்க மைத்துனனைத்தான் வைப்பார்கள். கூடப் பிறந்தவளின் தாலி அவன் கையில் இருக்கிறது. கவனம் தானாக வரும். தாத்தாவுக்குக் கயிறு பிடித்தவர் பாட்டியின் அண்ணன். சண்டை போட்டுக்கொண்டு பேசாமல் இருந்த வருடத்திலும் கயிறு மட்டும் அவர்தான் பிடித்தாராம்.

ஸுபாராவில் பங்கு பிரிப்பது எப்படியோ, பிற்காலத்து வளைகுடாக் கணக்கு இப்படி இருந்தது: ஙைஸுக்கு மூன்று பங்கு, ஸைப்புக்கு இரண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கடலுக்குப் போகும் முன்பே வீட்டுச் செலவுக்கு நகுதாவிடம் முன்பணம் வாங்கியிருப்பான். குளிர்காலத்துக்கு மறுபடி ஒரு கடன். நகுதா வணிகனிடம் வாங்கியிருப்பான். முத்து குறைந்த வருடம் பங்கு கடனுக்கே போதாது. கடன் தீராமல் வேறு கப்பலுக்குப் போக முடியாது. செத்தால் கடன் மகன் தலையில். 1863இல் தோஹா வந்த ஆங்கிலேயப் பயணி ஒருவரிடம் ஷேக் முகமது பின் தானி, “பெரியவர் முதல் சிறியவர் வரை நாங்கள் எல்லோரும் முத்து என்ற ஒரே எஜமானின் அடிமைகள்” என்று சொன்னாராம். இங்கே பல சுவரிலும் இதை எழுதி வைத்திருக்கிறார்கள். என் தாத்தா இதைக் கேட்டிருந்தால், சரி, ஆனால் தராசைப் பிடித்த அடிமை யார், கல்லில் கால் வைத்த அடிமை யார் என்று இரண்டு தரம் கேட்டிருப்பார்.

இனி நடந்ததை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். நண்பர் விட மாட்டேன் என்கிறார்.

ஸுபாராவுக்கு வடக்கே கரையோரமாக ஃப்ரைஹா என்று இன்னொரு பழைய ஊரின் தடம் இருக்கிறது. கைபேசி வரைபடம் குறுக்கு வழி ஒன்றைக் காட்டியது. வெள்ளை வெளேரென்று உலர்ந்த தரை. இருநூறு மீட்டர் போவதற்குள் வண்டி மூக்கைக் குத்தி நின்றது. மேலே அப்பளம் போல உப்புப் பொருக்கு, உள்ளே களி. சப்கா என்பார்கள் இங்கே. நான் தூத்துக்குடிக்காரன், உப்பளத்து வரப்பில் சைக்கிள் ஓட்டிப் பள்ளிக்கூடம் போனவன். உவர்மண் எது, தரை எது என்று எனக்கே தெரியவில்லை என்பதை நண்பர் இப்போது வரை சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார். முன் சக்கரத்துக்கு அடியில் பலகை வைத்தோம், பாய் வைத்தோம், நான் சட்டை தவிர எல்லாம் வைத்தேன். இன்னும் இறங்கியது.

அரை மணி கழித்து ஒரு பிக்கப் வந்தது. பக்கத்து ஒட்டகப் பட்டியில் வேலை செய்யும் வங்காளதேசத்துக்காரர். சிரித்துக்கொண்டே இறங்கி, கெட்டித் தரையிலேயே வண்டியை நிறுத்தி, நீளமான கயிற்றை எடுத்து வந்தார். கயிற்றை என் வண்டியில் கட்டும்போது, நான் கை தூக்கினால்தான் அவர் இழுக்க வேண்டும், கை இறக்கினால் உடனே நிறுத்த வேண்டும் என்று அரைகுறை இந்தியில் ஒப்பந்தம். மூன்றாவது இழுப்பில் வெளியே வந்தோம். பணம் கொடுத்தால் வாங்கவில்லை. பட்டியில் ஒட்டகப் பாலில் டீ போட்டுக் கொடுத்தார். வந்து இரண்டு வருடம் ஆகிறதாம். வருவதற்கு ஏஜெண்டுக்குக் கொடுத்த பணம் வட்டிக்கு வாங்கியது. அது முடிய இன்னும் ஒரு வருடச் சம்பளம் வேண்டும் என்றார். மகன் பிறந்த பிறகு இன்னும் முகம் பார்க்கவில்லை. கைபேசியில் படம் காட்டினார். குண்டுப் பிள்ளை. கன்னத்தில் கறுப்புப் பொட்டு. எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு வைப்பது போலவே.

ஃப்ரைஹாவைப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள், சனிக்கிழமை

காலையில் வடமுனையில் அர்-ருவைஸ் பக்கம் போய் அல் ஜுமைல் என்ற கைவிடப்பட்ட மீனவர் ஊரைப் பார்த்தோம். ஸுபாராவை விடப் பல மடங்கு இளையது; எண்ணெய்ப் பணம் வந்து மக்கள் நகரத்துக்குப் போன பிறகு காலியானது. இங்கே சுவர் ஆள் உயரத்துக்கு நிற்கிறது. பள்ளிவாசல் மினார் நிற்கிறது. கதவு இல்லாத வாசல் வழியாகக் கடல் தெரிகிறது. நேற்று கற்பனையில் எழுப்பிய சுவர்கள் இங்கே நிஜமாகவே நிற்பதைப் பார்த்தேன். ஸுபாராவுக்குப் போகிறவர்கள் முதலில் இங்கே வந்து, பிறகு அங்கே போவது நல்லது. நாங்கள் தலைகீழாகச் செய்தோம்.

இந்தக் கரை ஊர்கள் காலியானதற்கு எண்ணெய் மட்டும் காரணமில்லை. எண்ணெய்க்கு முன்னே முத்து செத்தது. 1920களில் ஜப்பானிய வளர்ப்பு முத்து சந்தைக்கு வந்தது. 1929க்குப் பிறகு உலகமே மந்தத்தில் விழுந்து, நகை வாங்க ஆளில்லை. பம்பாய் முத்துச் சந்தை படுத்தால் வளைகுடாவில் அடுப்பு எரியாது. இங்கே புழங்கியதே இந்தியா அச்சிட்ட ரூபாய்தான், 1966 வரைக்கும். கத்தாரின் மேற்குக் கரையில் துக்கானில் எண்ணெய் கிடைத்ததற்கும் அது ஏற்றுமதியானதற்கும் நடுவே உலகப் போர் வந்து பத்து வருடம் போயிற்று. அந்த இடைப்பட்ட காலத்தை இங்கத்துக் கிழவர்கள் பசிக்காலம் என்றுதான் நினைவு வைத்திருக்கிறார்கள்.

மதியம் கிழக்குக் கரைக்கு வந்து அல் ஜஸ்ஸாஸியா. சாலையிலிருந்து விலகிக் கடலைப் பார்த்த சுண்ணாம்புப் பாறை முகடுகள். பாறையில் தொள்ளாயிரம் வரை செதுக்கல்கள் இருக்கின்றன. அதில் கப்பல்கள் அழகு. மேலிருந்து பார்ப்பது போலச் செதுக்கியிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் கூர்ந்த உடல், இருபுறமும் துடுப்புகள். பார்த்தால் பூரான் போல இருக்கும். ஒன்றிலிருந்து நீளக் கயிறு இறங்கி நங்கூரத்தில் முடிகிறது.

ஆனால் நண்பர் என்னைக் கை தட்டிக் கூப்பிட்டது வேறு ஒன்றுக்கு. பாறையில் இரண்டு வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள். எண்ணினோம். வரிசைக்கு ஏழு. மொத்தம் பதினான்கு.

“பல்லாங்குழி!” என்றார்.

பாறை முழுக்க இதேதான். ஏழு ஏழாக, பத்தடிக்கு ஒன்று. முத்துகளைத் தரம் பிரித்து வைத்த குழிகள் என்று சொல்பவர்களும் உண்டு, விளையாட்டுப் பலகை என்று சொல்பவர்களும் உண்டு. கடலிலிருந்து கப்பல் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே நாள் முழுக்க உட்கார்ந்திருக்க வேண்டிய மேடு இது. எனக்குச் சந்தேகமே இல்லை. சோழியோ புளியங்கொட்டையோ இருந்திருந்தால் அங்கேயே ஓர் ஆட்டம் போட்டிருப்போம். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, எந்தக் குழியிலிருந்து எடுத்தால் பசு விழும் என்று இரண்டு நாற்பது வயதுக்காரர்கள் வாய்க்கணக்காகவே அரை மணி நேரம் சண்டை போட்டோம். அவர் ஊரில் நான்கு சேர்ந்தால் பசு. எங்கள் வீட்டில் பாட்டி ஆறு என்பாள்.

தோஹா திரும்பும் வழியில் பெட்ரோல் போட நிறுத்தியபோது அம்மாவைக் கூப்பிட்டேன். தூத்துக்குடியில் அப்போது இருட்டியிருந்தது. தொலைக்காட்சிச் சத்தம் கேட்டது.

“அம்மா, தாத்தாவின் குளிக்கல் எங்கே இருக்கிறது?”

“எந்தக் கல்?”

“துளை போட்ட கல் அம்மா. கயிறு கட்டிக் கடலில் இறங்குவாரே.”

“அதுவா? பின்கட்டுக் கதவு காற்றில் அடித்துக்கொண்டே இருக்கிறது என்று முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறேன். ஏன் ஐயா, யாராவது விலைக்குக் கேட்கிறார்களா?”

“இல்லை. அதை ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள் தம்பியை.”

“இப்போது எடுத்தால் கதவு அடிக்கும். காலையில் எடுக்கச் சொல்கிறேன்” என்றாள்.